ஆறாம் வகுப்பில் பாதிப் பேர்

பிப்ரவரி 3, திங்கள்

நூல் மில்லில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஜனவரி முழுக்க மேசையிலேயே கிடந்துவிட்டது. நல்ல தாள். வீணாக்க மனம் வரவில்லை. இன்றிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் குடோன். பெருந்துறையிலிருந்து வந்த பனியன் வேஸ்ட், கம்பெனிகள் வெட்டிக் கழித்த துணி, முழுக்க ஈரம். அனுப்பியவனைக் கூப்பிட்டுக் கேட்டால், "மழைங்கண்ணா" என்கிறான். தை மாதத்தில் எங்கிருந்து மழை. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம் கல்லூரி. இது என் தலையில் விழுந்த கதையை ஒரு தரம் எழுதி வைத்துவிடுகிறேன். காங்கயம் ரோட்டில் அந்த இடத்தைக் கல்யாண மண்டபம் கட்டத்தான் வாங்கினேன். பி.எட். கல்லூரியை மூடித்தான் தருவோம் என்று விற்றவர்கள் சொன்னார்கள். மூடவில்லை. பத்திரம் முடித்துப் போய்ப் பார்த்தால் வேப்பமரத்தடியில் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து சார்ட் அட்டையில் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் படிப்பில் இருக்கிறவர்களை எங்கே விரட்டுவது? இந்த வருஷம் ஓடட்டும் என்றேன். அது மூன்றாவது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழாவதோடு நின்ற இந்தச் சென்னியப்பன் இப்போது வாத்தியார்களை உண்டாக்கும் கல்லூரிக்குத் தாளாளர். என் சம்பந்தி இதைச் சொல்லிச் சிரிக்காத விசேஷ வீடு கிடையாது.

தமயந்தி மேடம் அறைக்கு வந்தார். சேலத்துக்காரர். முதல்வர் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். 'உள்ளடக்கிய கல்வி' என்ற பாடம் அவருடையது. எல்லா வகைப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் அந்தப் பாடம். அதில் இதுவரை ஒருவர்கூடத் தோற்றதில்லை.

மார்ச்சில் செய்முறைத் தேர்வு. மாணவிகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வேண்டும், வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். நம் குடோனுக்குப் பின்னால் இருக்கும் நடுநிலைப் பள்ளியைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

"அந்த ஆறாம் வகுப்புல பாதிப் பேரு ஒரிசா, பீகார் புள்ளைங்க சார். தமிழே வராது," என்றார்.

"நம்ம குடோன் ஆளுங்க புள்ளைகதானுங்க மேடம் அதுக."

"அதுதான் சார் சிக்கலே," என்றார்.


பிப்ரவரி 10, திங்கள்

மரகதம் என்று ஒரு மாணவி குடோனுக்கே வந்துவிட்டாள். கோபிப் பக்கம். கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது, அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்த ஆறாம் வகுப்பில் அறிவியல் பயிற்சி எடுப்பது இவள்தான்.

"ஐயா, உங்ககிட்ட காந்தம் இருக்குதுன்னு சொன்னாங்க. சித்தெ இரவல் குடுத்தீங்கன்னா பாடம் முடிஞ்சதும் தந்துபோடறேன்."

பனியன் வேஸ்டில் தையல் மிஷின் ஊசி உடைந்து கிடக்கும். அது நாங்கள் அழுத்திக் கட்டி விற்கும் பேலுக்குள் போய்விட்டால் வாங்குகிறவன் மிஷின் பாழாகும். அதற்காகக் காந்தம் வைத்திருக்கிறோம். ஒரு பை நிறையக் கொடுத்தேன்.

"தொலைச்சுப்போடாதே அம்மிணி."

"புள்ளைக கையில குடுக்கறனுங்க. உத்தரவாதம் எப்படிச் சொல்றது?"

இப்படி நேராகப் பேசுகிறவர்களிடம் பொருள் போனால் திரும்பி வரும். என் அனுபவம்.


பிப்ரவரி 12, புதன்

பெரிய மருமகள் பூண்டு ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள். உப்பு கம்மி. சொல்லவில்லை.


பிப்ரவரி 17, திங்கள்

காந்தம் என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் பள்ளிக்கூடம் போனேன். வேறு காரணம் இல்லை.

தலைமையாசிரியர் நாற்காலி கொண்டுவரப் போனார். நான் பின்பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன். மரகதம் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்திருந்தாள். ஒரு தமிழ்ப் பிள்ளை, பக்கத்தில் ஒரு ஒரிசாப் பிள்ளை, அல்லது பீகார்ப் பிள்ளை. அவள் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். ஜோடியில் ஒருவருக்குக் கை, இன்னொருவருக்கு வாய். கைக்காரர் காந்தத்தை வைத்துச் செய்து காட்டலாம், பேசக் கூடாது. வாய்க்காரர் நடப்பதைச் சொல்லலாம், தொடக் கூடாது. கொஞ்சம் கழித்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

முன்வரிசையில் ரஸ்மிதா. நம் பேல் அழுத்தும் மிஷினில் நிற்கும் சுதர்சன் நாயக்கின் மகள். தெருவில் தமிழ் பேசி வாயடிப்பாள், புத்தகத்தைக் கொடுத்தால் ஊமையாகிவிடுவாள். அவளுக்கு ஜோடி தர்ஷிகா, மளிகைக் கடைக்காரர் பெண். ரஸ்மிதா மணலுக்குள் காந்தத்தை விட்டு எடுக்கிறாள், இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. தர்ஷிகா, "மணலு வருல மிஸ், இரும்பு மட்டும் வருது. மணலுக்குப் புடிக்கல," என்கிறாள். அப்புறம் மாற்றிக்கொண்டார்கள். ரஸ்மிதா பாதித் தமிழில் ஆரம்பித்து, முட்டி, மிச்சத்தை ஒரியாவில் கொட்டினாள். தர்ஷிகாவுக்கு இப்போது பேச அனுமதி இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கையாலேயே செய்து காட்டினாள். வகுப்பே கத்தியது. மரகதம் அதட்டவில்லை.

ஒரே இரைச்சல். எனக்குத் தலை வலித்தது. பாடம் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன், காந்தத்தை எண்ணி வாங்க வேண்டும் என்பதற்காக. கடைசியில் வாங்காமலேயே வந்துவிட்டேன். இன்னும் பாடம் இருக்கிறதாம்.


பிப்ரவரி 20, வியாழன்

விரிவுரையாளர்கள் கூட்டம். டீ, மசால் வடை. செய்முறைத் தேர்வைப் பற்றித்தான் பேச்சு.

பள்ளிக்கூடத்தில் கண்டதைச் சொல்லாமல், "உள்ளடக்கிய கல்வின்னா என்னங்க?" என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன். தமயந்தி மேடம் மூச்சு விடாமல் சொன்னார். மொழி, சாதி, உடல்குறை, குடும்ப நிலை எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பறையின் முழு உரிமையுள்ள உறுப்பினர் என்று ஏற்றுக் கற்பிப்பது. கேட்க நன்றாக இருந்தது. கோயிலில் மந்திரம் கேட்பது மாதிரி.

"அதெல்லாம் பரீட்சைல எழுதறதுக்குத்தானுங்க," என்றார் கணக்கு நடத்தும் பொன்னுரங்கம். "பாடத்திட்டத்துல போட்டுட்டாங்க, நாமளும் நடத்தறோம். நாப்பது பேரு உக்காந்திருக்கற வகுப்புல ஆளுக்கொரு பாஷைன்னா வாத்தியாரு என்ன பண்ணுவாரு? வேண்டாங்கல. முடியாதுங்கறேன்."

"அதுங்க நாளைக்கே ஊருக்குப் போயிரும். நம்ம புள்ளைக பாடுதானே திண்டாட்டம்?" என்றார் இன்னொருவர்.

யாரும் கெட்ட மனதோடு பேசவில்லை. எழுதும்போது அதையும் சொல்ல வேண்டும்.

கடைசியில் தமயந்தி மேடம் விஷயத்துக்கு வந்தார். தேர்வு நாளன்று தமிழ் தெரியாத பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட வேண்டும். எல்லாக் கல்லூரியிலும் அப்படித்தானாம். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் வைத்து, அந்தப் பாடத்தையே இரண்டு தரம் ஒத்திகை பார்த்து, மூன்றாம் தரம் தேர்வாளர் முன்னால் நடத்துவது. அடுத்த வாரம் ஒத்திகை.

"சும்மா வெளிய தாட்டியுட்டா மனசு கஷ்டமா இருக்குது சார். குடோன் வேன் கெடைச்சா எங்கயாவது கூட்டிட்டுப் போயிட்டு வரலாம். புள்ளைங்களும் சந்தோஷப்படும்," என்றார்.

எனக்கு இது சரியாகத்தான் பட்டது. பேல் கட்டும்போது மேல் அடுக்கில் வெள்ளைத் துணியாக வைத்துத்தான் கட்டுவோம். வாங்குகிறவனுக்கும் அது தெரியும். உடுமலைக்கு அந்தப் பக்கம் அமராவதி அணையில் முதலைப் பண்ணை இருக்கிறது, அங்கே கூட்டிப் போகச் சொல்லலாம் என்று நானே சொன்னேன். வேன், டீசல், பன், வாழைப்பழம் எல்லாம் என் பொறுப்பு.

நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். வடை தீர்ந்துவிட்டது.


பிப்ரவரி 25, செவ்வாய்

ஒத்திகை. வேன் காலையிலேயே போய்விட்டது. டிரைவர் காளியப்பன், பிள்ளைகள் ஏறும்போதே முதலை மாதிரி வாயைத் திறந்து காட்டுகிறான். ரஸ்மிதா ஜன்னலோரம். இரண்டு பக்கமும் பின்னி, ரிப்பன் கட்டி, திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருந்தாள்.

நானும் தமயந்தி மேடமும் வகுப்பில் பின்னால் உட்கார்ந்தோம். நல்ல பிள்ளைகளாகப் பொறுக்கி வைத்த வகுப்பு. மரகதம் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஆரம்பித்தாள்.

ஒரு பிள்ளையும் காந்தத்தைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எடுத்துச் செய்யுங்க," என்றாள் மரகதம்.

"நான் வாயிங்க மிஸ்," என்றான் ஒரு பையன். "கை அவனுது."

"நீயே ரெண்டும் செய்யி கண்ணு."

"என்ற ஜோடி முதலை பாக்கப் போயிட்டான் மிஸ்." அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "நானும் போறனுங்க மிஸ். எங்கள மட்டும் எதுக்குக் கூட்டிட்டுப் போகல? நாங்க என்ன பண்ணுனோம்?"

அவ்வளவுதான். பொறுக்கி வைத்த வகுப்பு முழுக்க மூஞ்சியைத் தூக்கிக்கொண்டது. தர்ஷிகா பெஞ்சுக்கடியில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். மேடம் எழுந்து அதட்டினார். அப்போதும் ஒரு பதிலும் வரவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் தண்டனை அனுபவிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்க, மரகதம் தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிப் பாடத்தை முடித்தாள்.

இதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு வகுப்பில் பாதிப் பேரை ஊர் சுற்ற அனுப்பினால் மிச்சப் பாதி என்ன செய்யும் என்று. பிள்ளை பெற்றவர்கள்தான் எல்லாரும்.

திரும்பும்போது மேடம் என் காரில் வந்தார். கோபம் மரகதத்தின் மேல். "கை வாயின்னு அந்தப் பொண்ணு கண்டதையும் பழக்கி வெச்சிருக்கு. தேர்வுக்கு வேற பாடம், பழைய மாதிரி நடத்தச் சொல்லிடறேன். இந்தத் தடவை முதலையெல்லாம் வேண்டாம் சார். அந்தப் புள்ளைங்கள உங்க குடோன் ஆபீஸ்லயே வெச்சுக்கங்க, டிவி போட்டு விடலாம். மத்ததுங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"அந்தப் பொண்ணு பண்றதும் நீங்க புஸ்தகத்துல சொல்றதும் ஒண்ணுதானுங்களே மேடம்?" சும்மா கேட்டேன். எனக்குத் தெரியாதுதான்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எம்.எட். முடிச்ச கையோட காலேஜுக்கு வந்துட்டேன் சார். பள்ளிக்கூடத்துல நான் வகுப்பு எடுத்ததே இல்ல. இந்த மாதிரி வகுப்பு சத்தியமா இல்ல. அது எப்படி இருக்கணும்னு எனக்குச் சொல்லத் தெரியும். எப்படி இருக்கும்னு தெரியாது. இன்னைக்கு அந்தப் பொண்ணு தடுமாறுனப்ப எழுந்து போயி, இப்படிப் பண்ணும்மான்னு நான் காட்டியிருக்கணும். காட்டத் தெரியல. அதட்டுனேன்." கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "எனக்கே வராததை அவளுக்கு வரும்னு நம்பித் தேர்வுக்கு விட எனக்குப் பயமா இருக்குது."

சரக்கைத் தொட்டே பார்க்காமல் இருபது வருஷம் வியாபாரம் பண்ணியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவரும் இதை வாய் விட்டுச் சொன்னதில்லை.

மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். முதலை எப்படி என்று கேட்டேன்.

"ஆடவே இல்ல மொதலாளி," என்றாள் ரஸ்மிதா. "ஞாயித்துக்கெழம எங்கப்பா மாதிரியே கெடக்குது." கையில் பாதிப் பன்னைச் சுருட்டி வைத்திருந்தாள். தர்ஷிகாவுக்காம்.


பிப்ரவரி 27, வியாழன்

மரகதம் வந்தாள். பாடத்தை மாற்ற மாட்டேன் என்கிறாள்.

"மேடம் சொல்றபடி நடத்தினா பாஸாயிருவேனுங்க ஐயா. எனக்குத் தெரியும். ஆனா அந்தப் புள்ளைகளை வெச்சுத்தான் இத்தனை நாளு நடத்துனேன். பரீட்சையன்னிக்கு மட்டும் வர வேண்டாம்னு அதுககிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"உன்னை யாரு சொல்லச் சொன்னா? நான் சொல்லிக்கறேன்."

நான் புத்தி சொன்னேன். வாங்க வருகிறவனுக்கு எது பிடிக்குமோ அதைக் காட்டு, பாஸாகு, அப்புறம் உன் பள்ளிக்கூடத்தில் உன் இஷ்டப்படி நடத்து. இந்த வருஷம் தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அவ்வளவுதானுங்க. மாமியாரு ரெண்டு வருஷந்தான்னு சொல்லி விட்டாங்க. பெயிலானா அப்பறம் காலேஜுப் பக்கமே தாட்டி விட மாட்டாங்க. என்ற பையன் இப்பவே போன்ல பேச மாட்டீங்கறான், கோவிச்சுக்கிட்டு."

"அப்ப மேடம் சொல்றதைக் கேளு."

"சரிங்க," என்றாள். கண் தரையில் இருந்தது. வழக்கு தீர்ந்த மாதிரி எனக்கு நிம்மதியாக இருந்தது. சாப்பிடும்போது அந்த நிம்மதி இல்லை. ஊறுகாயில் உப்பு கம்மியாக இருப்பதனால் இருக்கலாம்.


மார்ச் 3, திங்கள்

புதன்கிழமை தேர்வு. பிள்ளைகளின் அப்பன்மார் எல்லாம் என் ஆட்கள். நானே சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். முதலில் சுதர்சனைக் கூப்பிட்டேன். பேல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தான். தலையெல்லாம் பஞ்சு.

"சுதர்சன், பொதங்கெழமை புள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம். இங்க ஆபீஸ்ல இருக்கட்டும். வேன் வந்து ஏத்திக்கும்."

"சரி மொதலாளி."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்பான், இன்ன இன்ன மாதிரி, பெரிய அதிகாரி வருகிறார், உன் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றெல்லாம் சொல்லலாம் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. முகம்கூட மாறவில்லை. எங்கேயோ எப்போதோ கேட்டுப் பழகிய பேச்சு மாதிரி தலையாட்டிவிட்டுப் போய் மிஷினைப் போட்டான்.

ஒரு ஏஜெண்டிடம் நான் இப்படிச் சொல்லியிருந்தால் ஏன் எதற்கு என்று என் உயிரை எடுத்திருப்பான்.

மற்றவர்களிடமும் சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள்.


மார்ச் 4, செவ்வாய்

வேஸ்ட் விலை இறங்கியிருக்கிறது. வாங்கலாம் என்று தோன்றுகிறது. எதிலும் மனம் நிற்கவில்லை.


மார்ச் 5, புதன்

காலை நடை கொஞ்சம் நீண்டுவிட்டது. என் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் வரை போய்விட்டேன். டாக்டரும் இன்னும் நடக்கச் சொல்லித்தான் இருக்கிறார்.

வேன் கிளட்ச் போய்விட்டதாகக் காளியப்பன் சொன்னான். எனவே பிள்ளைகளை ஏற்ற முடியவில்லை. அவர்கள் வழக்கம் போல நடந்து பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்கள். தமயந்தி மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். "இப்ப என்ன சார் பண்றது?" என்றார். வண்டி நின்றுபோனால் நான் என்ன செய்ய முடியும்?

தேர்வாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். நல்ல மனிதர், சர்க்கரை இல்லாத டீ. பின்பெஞ்சில் அவர், மேடம், நான்.

மரகதம் உள்ளே வந்தாள். வகுப்பு முழுசாக இருந்தது. ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றாள். மேடத்தைப் பார்த்தாள். மேடம் முகத்தை எந்தப் பக்கமும் அசைக்கவில்லை. மரகதம் கையில் மேடம் நடத்தச் சொன்ன பாடத்துக்கான பட அட்டை வைத்திருந்தாள். அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். வகுப்பு அலமாரியில் கிடந்த காந்தப் பையையும் மணலையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஜோடி," என்றாள்.

வகுப்பு தடதடவென்று இடம் மாறியது.

நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மணல் கொட்டியது. புதிதாக வந்த ஒரு பீகார்ப் பையன் காந்தத்தைத் தேர்வாளரின் பேனா மூடியில் வைத்துப் பார்த்தான். ரஸ்மிதாவுக்கு வாய் முறை வந்தபோது எழுந்தாள். தேர்வாளரைப் பார்த்ததும் தமிழ் முழுக்க மறந்துவிட்டது. ஒரு சொல் வரவில்லை. தர்ஷிகாவின் கை இரண்டு காந்தத்தையும் முட்ட முட்டப் பிடித்து, அவை ஒன்றையொன்று தள்ளுவதை மறுபடி மறுபடி காட்டுகிறது. ரஸ்மிதா திறந்த வாயோடு நிற்கிறாள். மரகதம் உதவிக்குப் போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிடலாமா என்றிருந்தது. அப்புறம் ரஸ்மிதா ஒரியாவில் ஆரம்பித்தாள். வேகமாக, கையை ஆட்டிக்கொண்டு, தெருவில் சண்டை போடுகிற மாதிரி. முடித்துவிட்டுக் கடைசியில் தமிழில், "ஒரே மாதிரி ரெண்டு இருந்தா சேராது மிஸ். வேற வேறன்னாத்தான் ஒட்டும்," என்றாள்.

மணி அடித்த பிறகும் பாடம் முடியவில்லை.

தேர்வாளர் மேடம் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், மரகதத்தின் மேல் இரக்கப்பட்டுத்தான். "இந்தப் புள்ளைங்கள எதுக்கு மேடம் உள்ள வெச்சீங்க? நான் போற எடத்துல எல்லாம் செட் பண்ணி வெச்சிருப்பாங்க. பாவம், அந்தப் பொண்ணு எவ்வளவு கஷ்டப்படுது."

பேலைப் பிரித்துப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இவரும் மேல் அடுக்கைப் பார்த்துவிட்டுப் போகிறவர்தான்.

வேன் ரிப்பேர் என்று சொல்லலாம். அதற்காகத்தான் ரிப்பேர். என் வாய் திறந்துகொண்டது. மேடம் முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் உக்கார வைக்கச் சொன்னேன். எங்க காலேஜுல அப்படித்தான்."

"எப்பவுமா?"

"எப்பவுமே."

தேர்வாளர் புருவத்தைத் தூக்கினார். "இந்த வகுப்பை நீங்க எடுத்துக் காட்டியிருக்கீங்களா?"

"திங்கக்கெழமை தோறும் எடுக்கறேன் சார்."

வியாபாரத்தில் நானும் எத்தனையோ பேர் பொய் சொல்லக் கேட்டிருக்கிறேன். முகம் மாறாமல் இவ்வளவு பெரிதாக ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. கைப்பை வார் மட்டும் விரலில் இறுகிக் கிடந்தது.

தேர்வாளர் கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்தார். அவரது பேனா மூடி இன்னும் பீகார்ப் பையனிடம்தான் இருந்தது. மார்க்கைப் போட்டுவிட்டு மரகதத்தைக் கூப்பிட்டார். "நேரத்துக்குள்ள முடிக்கல. சத்தம் ஜாஸ்தி. கரும்பலகையை நீ தொடவே இல்ல. அதுக்கெல்லாம் குறைச்சிருக்கேன்." அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். "ஆனா அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சப்பறம் ஒரு புள்ளையும் என்னைத் திரும்பிப் பாக்கலம்மா. பாஸுதான், போ."

மரகதம் மேடத்தின் பக்கம் வந்தாள். மேடம் அவள் புடவையில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் தட்டிவிட்டார். போகவில்லை, மறுபடி தட்டினார்.

மாலையில் காளியப்பன் பெருந்துறை லோடு ஏற்றி வந்து இறக்கினான். வேன் நன்றாக ஓடுகிறதாம்.


மார்ச் 7, வெள்ளி

மரகதம் காந்தங்களைக் கொண்டுவந்தாள். ஒன்று குறைகிறது. "ரஸ்மிதாகிட்ட இருக்குமுங்க. கேக்கட்டுங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஊருக்குப் போகிறாளாம், பையன் போனில் பேசினானாம்.

அப்புறம் தமயந்தி மேடம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"திங்கக்கெழமை அந்த ஆறாம் வகுப்புக்குப் போறேன் சார். எச்.எம்.கிட்ட கேட்டாச்சு. சொன்னது பொய்யா இருக்கக் கூடாதில்ல."

"நல்லதுங்க மேடம்."

"நம்ம பி.எட். பொண்ணுங்க பின்னாடி உக்காந்து பாப்பாங்க. தப்பாப் போனா தப்பாப் போறதைப் பாக்கட்டும். பொன்னுரங்கம் சாரையும் கூப்பிட்டிருக்கேன், முடியாது முடியாதுன்னுக்கிட்டே வர்றாரு." கதவு வரை போய் நின்றார். "நீங்க மட்டும் வராதீங்க சார்."

"நான் எதுக்குங்க வர்றேன்?"

"புதன்கெழமை காலையில விடியறதுக்குள்ள லைன் வீட்டுக்கு வந்து, வீடு வீடாக் கதவைத் தட்டி, பள்ளிக்கூடம் போங்கன்னு மொதலாளி சொன்னாருன்னு ரஸ்மிதா சொல்லுது."

பிள்ளைகள் எதையாவது சொல்லும் என்றேன்.

"கிளட்ச் சரியாயிடுச்சா சார்?"

"ஆச்சுங்க," என்றேன்.


மார்ச் 10, திங்கள்

குடோனுக்குப் பின்பக்கம் மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறது என்று வாட்ச்மேன் சொன்னான். போய்ப் பார்த்தேன். அங்கிருந்து பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பு ஜன்னல் நேராகத் தெரிகிறது. அதற்கு நான் பொறுப்பல்ல.

பின்னால் பி.எட். பெண்கள் வரிசையாக. கடைசியில் பொன்னுரங்கம், கையைக் கட்டிக்கொண்டு. முதலில் தமயந்தி மேடம் நிறையப் பேசினார். பிள்ளைகள் நெளிந்தார்கள். பீகார்ப் பையன் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டான், நான் குழாயைப் பார்த்தேன். மறுபடி திரும்பியபோது மேடம் பேச்சை நிறுத்தியிருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. மொத்த வகுப்பும், பின்னால் அவரிடம் படிக்கிற பெண்களும் பார்க்க, அப்படியே நின்றார்.

ரஸ்மிதாதான் எழுந்தாள். அன்று தர்ஷிகா வரவில்லை, காய்ச்சலாம். ஜோடி இல்லை. நேராகப் போய் மேடத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் பெஞ்சில், தர்ஷிகாவின் இடத்தில் உட்கார வைத்தாள். பாவாடைப் பையிலிருந்து என் காந்தத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க கை மிஸ். நான் வாய்," என்றாள். குழாய் வரை கேட்டது. "பேசக் கூடாது."

மேடம் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மணலுக்குள் காந்தத்தை விட்டார்.